பகலுணவு வேளைப் பள்ளிக்கூடம்

நாள் ஒன்றுக்கு 24 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறோம். அதில் உத்தியோகத்துக்குச் செல்லும் ஒருவர் தமக்கென்று உரிமை கொண்டாடத்தக்க பொழுது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்ததுண்டா? விடியற்காலையில் எழுந்து குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வரை வீட்டு வேலை. பின்னர் ரயிலில் நெரிசல். அலுவலகத்தில் நுழைந்துவிட்டாலோ சம்பளம் கொடுப்பவருக்கே நம் நேரம் முழுவதும் சொந்தம். மாலையில் மறுபடியும் ரயில். இவற்றுக்கு நடுவே, பகலுணவுக்கென்று விடப்படும் அரை மணி ஒன்றுதான் எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத பொழுது. அந்த அரை மணியைப் பற்றியே இங்குச் சில சொல்லக் கருதுகிறேன்.

இந்த இடைவேளையும் தானாக வந்ததன்று. எந்தத் தொழிலாளியும் குறைந்தது அரை மணி ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 150 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில், வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை அமர்ந்து உண்ணத் தனி அறை வேண்டும் என்றும் அச்சட்டமே வகுத்தது. அது ஆலைகளுக்கான சட்டமேயாயினும் அதன் கருத்து உழைப்போர் எல்லோர்க்கும் பொதுவானது. ஒன்று கவனிக்க வேண்டும்: சட்டம் அந்த அரை மணியை ஓய்வு என்றே குறித்தது; பாட வேளை என்று குறிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பதன் காரணம் பின்னர் விளங்கும்.

மூன்று மேசைகள்

1974-ஆம் ஆண்டில், அன்று பம்பாய் என்று வழங்கிய மும்பை நகரில், கோட்டைப் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது 21. மாதுங்காவில் ஓர் அறையில் நால்வர் தங்கியிருந்தோம். பகல் பன்னிரண்டரை மணிக்கு டப்பாவாலாக்கள் வந்து சாப்பாட்டுப் பாத்திரங்களை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுச் செல்வார்கள். 1890 முதல் அந்நகரில் நடந்துவரும் ஏற்பாடு அது. வங்கியின் பின்கட்டில் உணவு உண்ண ஓர் அறை இருந்தது. அதில் மூன்று மேசைகள். சன்னலோரத்தில் இருந்தது எங்களுடையது. தண்ணீர்ப் பானைக்கு அருகில் மராத்தியர் அமர்வர். சுவரோரம் குஜராத்தி நண்பர்கள். இவ்வாறு அமர வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. ஆயினும் எல்லோரும் அவ்வாறே அமர்ந்தோம். எங்கள் மேசையில் தமிழ் தவிர வேறொரு மொழி ஒலித்ததில்லை. அதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமை ஒரு நாள் குலைந்தது. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் பணம் எடுக்க வந்தார். அவருக்காகப் படிவத்தை நான் பூர்த்தி செய்தேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு அவர் 'ஏகோணஸாட்' என்றார். அதில் 'ஸாட்' என்பது மட்டுமே என் செவியில் ஏறியது. இந்தியில் ஸாட் என்றால் 60 என்பது எனக்குத் தெரியும். ஆகவே 60 ரூபாய் என்று எழுதிவிட்டேன். கணக்கில் எப்போதும் விட்டுவைக்க வேண்டிய குறைந்த அளவுத் தொகைக்கு ஒரு ரூபாய் குறைகிறது என்று படிவம் திரும்பி வந்துவிட்டது. மூதாட்டி மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று பகலில் எங்கள் கிளைச் சேவகர் தம் டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். எல்லோரும் அவரை 'மாமா' என்றே அழைப்போம். "அண்ணா, 'ஏகோண' என்றால் ஒன்று குறைய என்று பொருள். ஏகோணீஸ் 19, ஏகோணதீஸ் 29, ஏகோணபன்னாஸ் 49. அந்தப் பாட்டி கேட்டது 59" என்று விளக்கினார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்று முதல் நூறு வரை சொல்லிக் காட்டினார். மராத்தியில் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே நெட்டுருச் செய்ய வேண்டியிருந்தது கண்டு நான் மலைத்தேன். தமிழ் எண்களின் ஒழுங்கை அவரிடம் பெருமையாகச் சொல்லத் தொடங்கினேன். இருபத்தொன்று, முப்பத்தொன்று என்று சொல்லிக்கொண்டே போய், தொண்ணூறு வந்ததும் நின்றுவிட்டேன். எண்பதுக்கு அடுத்து வரும் அந்த எண்ணின் பெயரில் பத்து இல்லை, நூறு இருக்கிறது! அவ்வாறே 900 என்பதற்குத் தொள்ளாயிரம் என்று ஆயிரத்தை வைத்தே பெயர் சொல்கிறோம். இதைக் கேட்டு மாமா வாய்விட்டுச் சிரித்தார். "உங்கள் தொண்ணூறு இன்னும் நூறு ஆகவில்லை, அதற்குள் நூறின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டது" என்றார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு மற்ற இரு மேசைகளிலிருந்தும் சிலர் எழுந்து வந்தனர். எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது அன்றுதான்.

குடையும் காசோலையும்

வந்தவர்களுள் ஒருவர் தலைமைக் குமாஸ்தா. மராத்தியர், நாற்பது வயதைக் கடந்தவர், சட்டத்தில் வல்லவர். வங்கி ஊழியர்க்கென 1928-இல் பம்பாயில் நிறுவப்பெற்ற இந்திய வங்கியாளர் நிறுவனம் நடத்திய தேர்வுகளை அக்காலத்தில் நாங்கள் எழுதிவந்தோம். தேறினால் ஊதிய உயர்வு உண்டு. அதிகாரியாகும் வழியும் திறக்கும். ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே எங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அதை அறிந்த தலைமைக் குமாஸ்தா, செவ்வாயும் வெள்ளியும் உணவுக்குப் பின் இருபது நிமிடம் சொல்லித் தருவதாக அவராகவே முன்வந்தார். எங்கள் வீட்டு எலுமிச்சம்பழச் சோறுதான் அவர் விரும்பிய தட்சிணை.

அவர் பாடம் சொன்ன முறையை இன்றும் நான் மறக்கவில்லை. ரத்து செய்யப்பட்ட காசோலை ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் முகப்பில் குறுக்காக இரண்டு இணைகோடுகள் இழுப்பார். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டப்படி, அவ்வாறு கோடிட்ட காசோலையின் பணத்தைக் கவுண்டரில் கையில் கொடுக்கலாகாது. ஒரு வங்கியின் வழியாகவே செலுத்த வேண்டும். பிறகு அக்கோடுகளுக்கு நடுவே 'நாட் நெகோஷியபிள்' என்று எழுதுவார். "இதன் பொருள் என்ன?" என்று கேட்பார். "பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது" என்று நாங்கள் ஒரே குரலில் விடை சொல்வோம். "எல்லோரும் தவறு" என்று சொல்லிவிட்டு, மூலையில் சாத்தி வைத்திருந்த தம் குடையை எடுத்து வருவார்.

"இந்தக் குடையை ஒருவன் திருடி உங்களிடம் விற்கிறான். திருட்டு என்பது தெரியாமல் முழு விலை கொடுத்து நீங்கள் வாங்குகிறீர்கள். நாளை நான் கண்டுபிடித்துக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். விற்றவனுக்கு இல்லாத உரிமை உங்களுக்கு எவ்வாறு வரும்? சாதாரணக் காசோலை அப்படிப்பட்டதன்று. உரிய முறையில், நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்துப் பெற்றவரைச் சட்டம் காக்கும். இந்த இரண்டு சொற்களை எழுதிவிட்டால் காசோலை குடையாகிவிடுகிறது. கைமாறலாம், ஆனால் கொடுத்தவரின் உரிமைக்கு மேற்பட்ட உரிமை பெற்றவருக்கு இல்லை" என்பார். புத்தகத்தில் பன்முறை படித்தும் புரியாத ஒன்று, மழைக்கால ஈரம் உலராத அந்தக் குடையைக் கண்டதும் புரிந்தது. அடுத்த ஈராண்டுகளில் எங்களுள் அறுவர் தேறினோம். தேறியவர்கள் அடுத்து வந்தவர்களுக்குச் சொல்லித் தந்தோம். மேசைகளை ஒன்று சேர்த்துப் போட்டதும் அப்போதுதான்.

முன்னே நடந்தவர்கள்

உத்தியோகத்தின் இடுக்கில் கல்வியை வளர்த்தவர்கள் நமக்கு முன்பும் உண்டு. கணித மேதை இராமானுஜன் 1912 மார்ச் மாதத்தில் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். மாலையில் திருவல்லிக்கேணியில் அவர் இல்லத்தில் இருவரும் பலகையும் கையுமாக அமர்ந்து கணக்குப் போடுவார்கள். பகலில் ஒருவர் மேலதிகாரி, மற்றவர் கீழ்நிலைக் குமாஸ்தா. பலகையின் முன்னே அந்த ஏற்றத்தாழ்வு நிற்கவில்லை. 1914-இல் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

சர் சி. வி. இராமன் நம்மைப் போலவே உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டுச் சென்றவர். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்ற அவர், பவுபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய கழகம் அது. காலையில் அலுவலகம் செல்லுமுன்னும் மாலையில் அலுவலகம் விட்ட பின்னும் அங்கே சென்று ஆராய்ச்சி செய்தார். 1917-இல் பல்கலைக்கழகப் பேராசிரியராகும் வரை இவ்வாறே நடந்தது. 1930-இல் நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர் பத்தாண்டுக் காலம் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த பொழுதில் விஞ்ஞானம் வளர்த்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இவர்கள் மேதைகள், நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக மற்றொன்று சொல்கிறேன். வடகேரளத்தில் கண்ணூர்ப் பகுதியிலே, பீடி சுற்றும் பட்டறைகளில் தொழிலாளருள் ஒருவர் செய்தித்தாளையும் கதை நூல்களையும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கைவேலையை நிறுத்தாமல் கேட்பார்கள். படிப்பவருக்கு நேரும் கூலிக் குறைவை ஈடு செய்ய, மற்றவர்கள் தாம் சுற்றியதில் ஒரு பங்கை அவருக்குத் தருவார்கள். பள்ளி வாசலை மிதியாத பலர் உலக நடப்பை அறிந்து விவாதிக்கலானது இவ்வாறுதான். கூபா நாட்டின் ஹவானா நகரச் சுருட்டாலைகளிலும் 1865-இல் இத்தகைய வழக்கம் தோன்றியது. மறு ஆண்டே ஆட்சியாளர் அதைத் தடை செய்தனர். அங்கும் படிப்பவர்க்குக் கூலி கொடுத்தவர்கள் கேட்கும் தொழிலாளர்களே. எதைப் படிக்க வேண்டும் என்பதில் அவர்கள் சொல் செல்லுபடியாயிற்று. இந்தச் செய்தியை நான் குறிப்பிடுவதற்குத் தக்க காரணம் உண்டு.

வருகைப் பதிவேடு வந்தது

எங்கள் பள்ளிக்கூடம் பத்தாண்டுகளுக்கு மேல் நன்றாக நடந்தது. பின்னர்ப் புதிய மானேஜர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாதவர். எங்கள் முயற்சியைக் கண்டு மகிழ்ந்து, அதை ஒழுங்குபடுத்த விரும்பினார். புதன்கிழமை ஒரு மணிக்கு வகுப்பு. பொருளைத் தலைமை அலுவலகம் தீர்மானிக்கும். வருவோர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். வராதவர் காரணம் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். முதல் வாரம் நாற்பது பேர் வந்தனர். இரண்டாம் மாதத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகச் சென்றவர்களே மிகுதி. உணவு முடியாத கையோடு ஓடி வந்தவர்களுக்கு அந்த இருபது நிமிடமும் மற்றுமொரு வேலையாகவே தோன்றியது. தலைமைக் குமாஸ்தா குடையை எடுத்துவரவில்லை. சுற்றறிக்கையைப் படித்துக் காட்டிவிட்டு அமர்ந்துவிட்டார். மூன்றாம் மாதம் மேசைகள் மறுபடியும் பிரிந்தன.

கற்பிக்கப்பட்ட பொருளில் குற்றம் இல்லை. அரை மணி எங்களுடையதாக இருந்தவரை அதை மனமுவந்து கொடுத்தோம். அதை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பின் கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை.

குருவே மாணவரானார்

வகுப்பு மறுபடியும் பிறந்தது அச்சத்தினால். 1983-இல் வங்கிகளின் தரப்பினரும் ஊழியர் சங்கத்தாரும் இயந்திரங்களைப் புகுத்துவது குறித்து உடன்பாடு செய்துகொண்டனர். ரிசர்வ் வங்கி அமைத்த டாக்டர் ரங்கராஜன் குழு 1984-இல் அறிக்கை தந்தது. எங்கள் கிளைக்குக் கணிப்பொறி வந்து சேர்ந்தது 1993-இல். பேரேட்டில் முத்து முத்தாக எழுதியவர்கள் எல்லாம் அதன் முன் கைகட்டி நின்றோம். தலைமைக் குமாஸ்தாவுக்கு ஓய்வுபெற ஓராண்டே இருந்தது. இயந்திரத்தில் அவர் முறை வரும் நாளிலெல்லாம் உடல்நலமில்லை என்று விடுப்புக் கடிதம் வந்துவிடும். காரணம் எல்லோருக்கும் தெரியும். கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அத்தனை பேருக்கும் சட்டம் சொல்லித் தந்தவரிடம் "உங்களுக்கு இது தெரியவில்லையா?" என்று எவ்வாறு கேட்பது?

புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம்பெண் டோம்பிவ்லியிலிருந்து வருபவர். அவர் ஒரு நாள் உணவு முடிந்ததும் தலைமைக் குமாஸ்தாவிடம் சென்று, "காகா, அடுத்த மாதம் எனக்கு வங்கித் தேர்வு. காசோலைச் சட்டம் ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சொல்லித் தருவீர்களா? அந்த இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நான் சொல்லுகிறேன்" என்றார். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூலையிலிருந்த குடையை எடுத்து வந்தார்.

அன்றிலிருந்து முதல் பத்து நிமிடம் அவர் ஆசிரியர். அடுத்த பத்து நிமிடம் மாணவர். இயந்திரத்தின் எழுத்துப் பலகையைப் பழைய பேரேட்டுத் தாளின் பின்புறத்தில் வரைந்து, வீட்டுக்கு எடுத்துச் சென்று, இரவில் அதன்மேல் விரல் வைத்துப் பழகினார். மராத்தியப் பிள்ளைகள் பள்ளி ஆசிரியையைப் 'பாயி' என்று அழைப்பது வழக்கம். தம் மகளினும் இளையவரான அந்தப் பெண்ணை அவர் ஓய்வு பெறும் வரை 'பாயி' என்றே அழைத்தார். அதன் பின் அவரிடமிருந்து விடுப்புக் கடிதம் வரவில்லை. அவரே அமர்ந்துவிட்ட பிறகு எங்களுக்கு என்ன வெட்கம்? கிளை முழுவதும் கற்றுக்கொண்டது.

இன்றைய நிலை

என் மகள் புனேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். அங்கும் பகலுணவு வேளையில் கற்கும் கூட்டங்கள் உண்டு. பழுப்பு நிறக் காகிதப் பையில் உணவு எடுத்துவரும் அமெரிக்க வழக்கத்தை ஒட்டி அவற்றைப் 'பிரவுன் பேக்' கூட்டம் என்கிறார்கள். சில கூட்டங்களை அவள் ஆவலோடு எதிர்பார்க்கிறாள்; சிலவற்றின் பெயரைக் கேட்டாலே சலித்துக்கொள்கிறாள். வேற்றுமை யாது என்று கேட்டேன். "தோழி ஒருத்தி தான் செய்த பிழையையும் அதைத் திருத்திய விதத்தையும் சொல்லும்போது சோறு ஆறிப்போவதுகூடத் தெரிவதில்லை, அப்பா. மேலிடத்தார் அனுப்பும் பாடத்துக்கோ, திரையைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். அது பாடமுமில்லை, சாப்பாடுமில்லை" என்றாள். எங்கள் பழைய வங்கியின் கதையே எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆகவே, இதில் முனைய விரும்பும் இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லுகிறேன். முதலில் உண்ணுங்கள், பாடம் பிறகு. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டா. கற்பவர்களே பொருளைத் தேர்ந்துகொள்ளட்டும். ஆசிரியர் ஒருவராகவே இராமல் முறை மாறி வரட்டும். சேவகருக்குத் தெரிந்தது மானேஜருக்குத் தெரியாமல் இருக்கலாம். வருகைப் பதிவேடு வேண்டா. ஒருவர் மேசைமேல் தலை சாய்த்து உறங்க விரும்பினால் உறங்கட்டும். அந்த அரை மணி அவருடையது. நிறுவனத்துக்கு இன்றியமையாத பயிற்சி ஒன்று உண்டானால், அதை வேலை நேரத்தில் நிறுவனமே தரவேண்டும் என்று பணிவோடும் உறுதியோடும் கேட்பதில் தவறில்லை.

இன்னும் ஒன்று, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கே உரியது. தமிழர் மேசையில் தமிழர் அமர்வது இயல்பே. ஊரை விட்டு வந்த உள்ளத்துக்கு அது பெரும் ஆறுதல். அந்த ஆறுதலை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது அடுத்த மேசைக்கு நம் டப்பாவை எடுத்துச் செல்வோம். அந்த ஊர் மொழியைக் கேட்டுக் கற்போம். நம் மொழியைக் கேட்போர்க்குச் சொல்லித் தருவோம். அன்று அந்த மூதாட்டியை இரண்டாம் முறை வரிசையில் நிற்கவைத்தது என் அறியாமை. அதைப் போக்க மாமாவுக்கு ஒரு பகலுணவு வேளையே போதுமானதாக இருந்தது.

அன்பர்கள் தத்தம் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் இத்தகைய முயற்சி நடந்திருப்பின் அதைப் பற்றி நம் இதழுக்கு எழுதுவார்களாக. நடவாதிருப்பின், வரும் திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்குத் தொடங்கலாம். உடன் வேலை செய்யும் ஒருவரும், ஒரு பிடி எலுமிச்சம்பழச் சோறும் இருந்தால் போதும்.